பெற்றோர் கொடுத்த பழைய மிக்ஸி, கிரைண்டர், ஃப்ரிட்ஜை வைத்துக் குடித்தனம் நடத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

தனிக்குடித்தனம் போகப்போகிறோம் என்று வாயெடுத்தாலே போதும், சிக்கனமாக வாழ்ந்து பழகிய அப்பா அம்மா பரணை ஒழிக்க ஆரம்பித்துவிடுவார்கள். டில்டிங் கிரைண்டர், ஒரு ஜார் குறைந்த மிக்ஸி, யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்த ஐந்து லிட்டர் குக்கர், 2011இல் தொடங்கிய விலையில்லாப் பொருள் திட்டத்தில் வந்த டேபிள் ஃபேன், கைப்பிடி உடைந்த ஃப்ரிட்ஜ் என்று வரிசையாக இறங்கும். வீட்டு அட்வான்ஸ் கொடுத்துக் கை காலியாக இருக்கும் நேரத்தில் இதெல்லாம் பெரிய உதவி. எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் முதல் மாதமே தவணை கட்டத் தொடங்க வேண்டியிருக்கும்.

ஆனால் கொடுத்ததை எல்லாம் அப்படியே ஏற்றிக்கொண்டு வரவும் கூடாது, பழசு என்பதற்காக எல்லாவற்றையும் தள்ளவும் கூடாது. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடும்? இது பழுதானால் ஆளுக்குக் காயமோ உயிருக்கு ஆபத்தோ வருமா? கொஞ்ச நேரமே ஓடுவதும், கெட்டுப்போனாலும் சும்மா நின்றுவிடுவதும் எவ்வளவு பழசாக இருந்தாலும் பரவாயில்லை. நாள் முழுக்க ஓடுவதையும், நெருப்பு, கேஸ், தண்ணீர், ஷாக் சம்பந்தப்பட்டதையும்தான் யோசித்து வாங்க வேண்டும்.

பழைய சாமான்களில் மோட்டார், கல், இரும்பு உடம்பு எல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ரப்பரும் வயரும்தான் முதலில் போகும். அந்த இரண்டையும் மாற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் படி: அவர்கள் வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள்

வண்டியில் ஏற்றுவதற்கு முன், அம்மா கையாலேயே ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். பல வருஷம் ஒரே பொருளைப் பயன்படுத்தியவர்கள் அதன் குறைக்கு ஏற்பக் கையைப் பழக்கியிருப்பார்கள். அது அவர்களுக்கே தெரியாது. எங்கள் வீட்டு மிக்ஸியில் சட்னி ஜாரை வைத்து அம்மா அரைக்கும்போது இடது உள்ளங்கையால் மூடியைப் பின்பக்கமாகச் சாய்த்து அழுத்துவார். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான்டா பிடிக்கணும்" என்பார். மூடியின் வாஷர் ஒரு பக்கம் தேய்ந்து, அழுத்தாவிட்டால் தேங்காய்த் தண்ணீர் சுவரில் தெறிக்கும் என்பதுதான் காரணம். வாஷர் மாற்றினால் தீரும் விஷயம். கை அசைவைப் பார்க்காமல் எடுத்துவந்தால் மிக்ஸியே சரியில்லை என்று நினைத்துவிடுவோம்.

கேட்க வேண்டியவை சில உண்டு. எப்போது வாங்கியது? கடைசியாக என்ன பார்ட் மாற்றினார்கள்? எப்போதாவது தொட்டால் ஷாக் அடித்ததா? எந்த மெக்கானிக் பார்ப்பார்? "ஓடிட்டிருக்கறத எதுக்குப்பா பிரிக்கணும்?" என்று அப்பா சொன்னால், அது சர்வீஸே பார்க்காத பொருள் என்று எழுதிக்கொள்ளுங்கள். பல அப்பாக்கள் பில், வாரண்டி கார்டு, கூடவே வந்த சின்னச் சாமான்கள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு வைத்திருப்பார்கள். அந்தப் பையை அவசியம் கேட்டு வாங்குங்கள். மாடல் நம்பர் இருந்தால்தான் ஸ்பேர் கடையில் சரியான பார்ட் கிடைக்கும்.

இன்னொன்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். நமக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் எதில் அரைக்கப்போகிறார்கள்? சிக்கனக்காரர்கள் நல்லதைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, ஓட்டை உடைசலைத் தங்களுக்கு வைத்துக்கொள்வது வழக்கம். முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து பழைய கிரைண்டரில் மாவு அள்ளும் அம்மாவுக்கு ஒரு டேபிள் டாப் கிரைண்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு அந்தப் பழையதை நாம் கொண்டுவருவது இரண்டு வீட்டுக்கும் நல்லது.

இரண்டாம் படி: எதை எடுப்பது, எதை விடுவது

கணக்கு ரொம்ப எளிது. வாட்ஸை ஓடும் மணி நேரத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். 500 வாட்ஸ் மிக்ஸி தினம் கால் மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்துக்கு ஏழரை யூனிட்தான். அதை மாற்றிப் புதுசு வாங்கி மின்சாரம் மிச்சம் பிடிக்க ஒன்றுமே இல்லை. பழைய சீலிங் ஃபேன் 75 வாட்ஸ்தான், பார்க்கச் சின்னது. ஆனால் தினம் 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகையான 28 வாட்ஸ் பிஎல்டிசி ஃபேன் அதே நேரத்துக்கு 27 யூனிட்டில் முடித்துவிடும். ஒரு ஃபேனுக்கே 45 யூனிட் வித்தியாசம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். யூனிட் கூடக்கூட ரேட்டும் ஏறும். ஆகவே நாம் மிச்சம் பிடிக்கும் யூனிட் எல்லாம் அதிக ரேட்டில் வரும் யூனிட்தான்.

இந்தக் கணக்கில் நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவை கிரைண்டர், மிக்ஸி, குக்கர், கேஸ் அடுப்பு, செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின், கனமான பழைய அயர்ன் பாக்ஸ். சீலிங் ஃபேனை எடுக்கலாம், ஆனால் படுக்கையறைக்கு அல்ல. சமையலறைக்கோ விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் அறைக்கோ போடுங்கள். ஃப்ரிட்ஜைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

எடுக்கவே கூடாதவையும் உண்டு. வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் ராடு, பழைய கேஸ் ட்யூப், பூச்சு உரிந்த நான்ஸ்டிக் தவா, அயர்ன் பாக்ஸைத் தவிர, வயர் துணி சுற்றியதாக இருக்கும் எந்தச் சாமானும். ராடில் மேல்பூச்சு அரித்துப்போனால் வெளியே தெரியாமலேயே தண்ணீரில் கரண்ட் இறங்கும். ராடு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கீஸர் கொடுத்தால், தெர்மோஸ்டாட்டையும் பிரஷர் ரிலீஸ் வால்வையும் ஒரு எலக்ட்ரீஷியன் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே சுவரில் ஏற்றுங்கள்.

நாற்பது வாட்ஸ் குண்டு ட்யூப்லைட்டும் பட்டியும் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பழைய காப்பர் சோக்கும் சேர்ந்து ஐம்பது வாட்ஸுக்கு மேல் இழுக்கும். 20 வாட்ஸ் எல்இடி பட்டி அந்த வெளிச்சத்தைக் கொடுத்துவிடும்.

மூன்றாம் படி: ஏற்றி இறக்குவது

கிரைண்டரில் குழவியைத் தனியாகக் கழற்றிச் சாக்கில் சுற்றுங்கள். உள்ளேயே வைத்துக்கொண்டு வந்தால் வண்டி குலுங்கும்போது டிரம்மை இடித்து விளிம்பு உடையும். ஃபேன் இறக்கைகள் மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி, எந்த ஃபேனுடையது என்று எழுதுங்கள். இரண்டு ஃபேன் இறக்கை கலந்துவிட்டால் ஆட்டம் நிற்காது. ஃப்ரிட்ஜை நிறுத்தியே கொண்டுவாருங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள் போய்விடும். வேறு வழியில்லாமல் படுக்க வைத்து வந்திருந்தால், வீட்டில் நிமிர்த்தி ஒரு நாள் விட்டுவிட்டு ஆன் பண்ணுங்கள். நிமிர்ந்தே வந்திருந்தாலும் சில மணி நேரம் பொறுப்பது நல்லது.

நான்காம் படி: சொருகும் முன் வயரும் எர்த்தும்

வந்து இறங்கிய அன்றைக்கே எதையும் பிளக்கில் சொருகாதீர்கள். முதலில் ஒவ்வொரு வயரையும் விரலால் மடக்கிப் பாருங்கள். மேல் ரப்பர் வெடித்தாலோ, கல் மாதிரி விறைத்திருந்தாலோ, நடுவில் டேப் ஒட்டியிருந்தாலோ முழு வயரையும் மாற்றுங்கள். ஒட்டுப்போட்ட வயரைக் காப்பாற்றுவது சிக்கனத்தில் சேராது.

அடுத்து பிளக். இரும்பு உடம்பு உள்ள எந்தச் சாமானுக்கும் மூன்று பின் வேண்டும். மேலே இருக்கும் தடித்த, நீளமான பின்தான் எர்த். பழைய கிரைண்டர்களில் எர்த் வயரை வெட்டிவிட்டு இரண்டு பின் மாட்டியிருப்பார்கள், அல்லது மூன்று பின் பிளக்குக்குள் எர்த் வயர் எங்கேயும் சேராமல் தொங்கும். பிளக்கைத் திறந்து பாருங்கள். இப்போதைய வயர்களில் பழுப்பு நிறம் பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு எர்த். பழைய வயர்களில் சிவப்பு, கறுப்பு, பச்சை. பிளக்கே இல்லாமல் வயர் முனையைச் சொருகித் தீக்குச்சி வைத்து இறுக்குகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தைப் பொருளோடு சேர்த்து எடுத்து வந்துவிடாதீர்கள்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொண்டால் இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். பொருள் எங்கேயும் சொருகப்படாமல் இருக்கும்போது, மீட்டரைக் குறைந்த ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் எர்த் பின்னிலும் மற்றதை பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியிலும் வையுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் உள்ளே எர்த் அறுந்திருக்கிறது. பிறகு பொருளின் ஸ்விட்சை ஆனில் வைத்து, மீட்டரை மிக அதிக ஓம் அளவுக்கு மாற்றி, கீழே இருக்கும் இரண்டு பின்களையும் ஒவ்வொன்றாக உடம்போடு சேர்த்துப் பாருங்கள். தொடர்பே காட்டக் கூடாது. காட்டினால் உள்ளே எங்கேயோ கரண்ட் பாடிக்கு வருகிறது. அதை மெக்கானிக்கிடம்தான் கொடுக்க வேண்டும், சொருகிப் பார்க்கவே கூடாது.

பொருளில் எர்த் இருந்தாலும் வீட்டில் எர்த் இல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை. வாடகை வீட்டில் பல சாக்கெட்டுகளில் எர்த் ஓட்டை சும்மா ஓட்டையாகத்தான் இருக்கும். குடிபோகும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சமையலறை, குளியலறை சாக்கெட்டுகளை மட்டுமாவது பார்க்கச் சொல்லுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால் வீட்டு ஓனரிடம் பேசிப் போடச் சொல்லுங்கள், முடியாதென்றால் நம் செலவிலாவது போட்டுக்கொள்ளுங்கள். பழைய சாமான் வைத்துப் புழங்குகிற வீட்டுக்கு இதைவிட முக்கியமான செலவு வேறு இல்லை.

ஐந்தாம் படி: ஒவ்வொன்றாகச் சரிபண்ணுவது

குக்கர். கேஸ்கட்டையும் சேஃப்டி வால்வையும் எடுத்தவுடன் மாற்றிவிடுங்கள். பாத்திரக்கடையிலேயே கிடைக்கும். குக்கரைக் கையோடு கொண்டுபோய், அதே கம்பெனி, அதே அளவில் வாங்குங்கள். கேஸ்கட் லூஸாகிவிட்டது என்று ஃப்ரீஸரில் வைத்து இறுக்கிப் போடுவார்கள். அந்த நிலைக்கு வந்த கேஸ்கட்டின் ஆயுள் முடிந்துவிட்டது. வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், மறுபக்கம் தெரிய வேண்டும். வேறு கம்பெனி வெயிட் போடக் கூடாது. நம் குக்கர்கள் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தத்தில் வேலை செய்ய அளவெடுத்து வந்தவை. தண்ணீர் வற்றிச் சூடேறினால் உருகி வழி விடுவதற்காகத்தான் சேஃப்டி வால்வின் நடுவில் அந்த உலோகம் இருக்கிறது. அது உருகிய ஓட்டையில் ஆணியோ போல்ட்டோ வைத்து அடைத்திருந்தால் அந்தக் குக்கரை அடுப்பில் ஏற்றாதீர்கள். அடிப்பாகம் உப்பியிருந்தாலும், மூடியின் விளிம்பு நெளிந்திருந்தாலும் அதற்கு வைத்தியம் இல்லை. பருப்பு வைத்தால் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், நுரை வந்து குழாயை அடைக்கும்.

கேஸ் அடுப்பு. பித்தளை பர்னர் போட்ட பழைய அடுப்பு கிடைத்தால் விடாதீர்கள். ட்யூபை மட்டும் புதிதாக, ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து, கம்பி வலை போட்ட சுரக்ஷா ட்யூபாக வாங்குங்கள். அதன் ஆயுள் ஐந்து வருஷம், தேதி மேலேயே அச்சாகியிருக்கும். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளைகளிலோ உள்ளே போகும் குழாயிலோ அடைப்பு. பர்னரை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் காயவைத்துப் போடுங்கள். கேஸ் பீய்ச்சி வரும் ஜெட் துளையை ஊசியால் நோண்டிப் பெரிதாக்கிவிடக் கூடாது. திருகு இறுகிவிட்டது என்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மெக்கானிக்கிடம் சொல்லிக் கிரீஸ் போடச் சொல்லுங்கள். மாட்டி முடித்ததும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். புது வீட்டில் குழாய் கேஸ் என்றால் சிலிண்டர் அடுப்பை அப்படியே போட முடியாது, ஜெட் மாற்ற வேண்டும். கசிவுக்கான அவசர எண் 1906, அடுப்புக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

மிக்ஸி. மிக்ஸியைக் கெடுப்பது அரைக்கிற வேலை அல்ல, ஜாரின் அடியில் ஒழுகும் தண்ணீர்தான். ஜாரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி ஒரு செய்தித்தாளின் மேல் கால் மணி நேரம் வையுங்கள். தாளில் வட்டமாக ஈரம் பிடித்தாலோ, கறுப்பாக எண்ணெய்க் கசிவு தெரிந்தாலோ, ஜாரில் பிளேடைச் சுற்றும் ஷாஃப்டும் அதைத் தாங்கும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன. பிளேடை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. ஷாஃப்டும் புஷ்ஷும் மாற்றுவது எந்த மிக்ஸி கடையிலும் உட்கார்ந்த இடத்தில் முடிகிற வேலை. அதை மாற்றாமல் விட்டால் உப்பும் புளியும் கலந்த தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கி பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும், அப்புறம் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளான காயிலும் போகும். பெரிய செலவெல்லாம் இப்படித்தான் வரும்.

ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளரின் பற்கள் தேய்ந்திருந்தால் கடகடவென்று சத்தம் வரும், பிளேடு சுற்றாமல் மோட்டார் மட்டும் ஓடும். மலிவான பார்ட், இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். கழற்றும்போது மாடலைப் பொறுத்து மரை எதிர்ப்பக்கமாக இருக்கும். ஒரு பக்கம் திருகி வரவில்லையென்றால் பலம் காட்டாமல் மறுபக்கம் திருகிப் பாருங்கள். அடியில் இருக்கும் காற்றுத் துளை வழியாகப் பார்த்தால் கார்பன் பிரஷ் பக்கத்தில் சின்னப் பொறி தெரியும், அது சகஜம். சுற்றி வளையமாக நெருப்பு தெரிந்தால் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இரண்டு பிரஷ்ஷையும் சேர்த்தே மாற்ற வேண்டும். திடீரென்று நின்றுபோனால் பதறாதீர்கள். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்பு ஓவர்லோடு பட்டனை அழுத்துங்கள். பலர் இந்தப் பட்டன் இருப்பதே தெரியாமல் மெக்கானிக்கிடம் தூக்கிப் போயிருக்கிறார்கள். பழைய மிக்ஸியில் இட்லி மாவு அரைக்க வேண்டாம், சட்னியும் மசாலாவும் போதும். விட்டு விட்டு ஓட்டுங்கள்.

கிரைண்டர். எனக்கு இந்தப் பட்டியலில் ரொம்பப் பிடித்தது இதுதான். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்த ஊர்க் கல்லும் மோட்டாரும் அப்படி. அப்பா அம்மா காலத்து டில்டிங் கிரைண்டரில் உள்ளே இருப்பது ஒரு மோட்டார், ஒரு பெல்ட், ஒரு டிரம், ஒரு குழவி, அவ்வளவுதான். எல்லாமே தனித்தனியாக மாற்றக்கூடியவை. போர்டு, சென்ஸார் எதுவும் கிடையாது.

ஆன் பண்ணியதும் உம்மென்று சத்தம் மட்டும் வந்து டிரம் சுற்றாவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். அரை நிமிஷம் விட்டால்கூடக் காயில் சூடேறும். பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டென்சர் போயிருக்கும், அதை மாற்றினால் தீர்ந்தது. மாவு போட்டதும் வேகம் குறைந்து கிறீச்சென்று சத்தம் வந்தால் பெல்ட் வழுக்குகிறது. பழைய பெல்ட்டின் மேல் நம்பர் அச்சாகியிருக்கும். அழிவதற்கு முன் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாவு தள்ளும் பலகை தேய்ந்து டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி விழுந்தால் மாவு சுவரில் ஒட்டிக்கொண்டு அரைபடாமல் நிற்கும். அதையும் கடையில் தனியாகவே விற்கிறார்கள்.

உளுந்து அரைய வழக்கத்தைவிட நேரம் எடுத்து, பொங்காமல் கொழகொழவென்று வந்தால் கல் மழுங்கிவிட்டது. உள்ளங்கையைக் கல்லின் மேல் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். சொரசொரப்பு தெரிய வேண்டும், கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால் கொத்த வேண்டும். அந்தக் காலத்தில் அம்மி கொத்த ஆள் வருவார்கள். இப்போது கிரைண்டர் சர்வீஸ் கடைகளில் செய்து தருகிறார்கள். கொத்திய பிறகு நேராக இட்லிக்கு அரைக்கக் கூடாது. முதலில் தவிடோ பழைய அரிசியோ போட்டு அரைத்துக் கொட்டிவிட்டு, நன்றாகக் கழுவி, இரண்டாம் முறையும் அப்படியே செய்து, விரலிடுக்கில் மாவைத் தேய்த்து நறநறவென்று இல்லை என்று தெரிந்த பிறகுதான் சாப்பாட்டுக்கு.

ஓட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வெறும் டிரம்மை ஓடவிட்டு, பிறகு உளுந்தைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். ஊறிய அரிசியை முழுக்கக் கொட்டிவிட்டு ஸ்விட்ச் போட்டால் மோட்டார் திணறும், கண்டென்சர் போவதே பல வீடுகளில் இதனால்தான்.

ஃபேன். மெதுவாகச் சுற்றினால் கண்டென்சர், கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங். சீலிங் ஃபேன்களில் பெரும்பாலும் 2.5 எம்எஃப்டி கண்டென்சர் இருக்கும், பழையதன் மேல் எழுதியிருப்பதையே வாங்குங்கள். மேலே ஏற்றும்போது ராடின் போல்ட் கழன்று வராமல் பிடிக்கும் கோட்டர் பின் போட்டிருக்கிறதா, கொக்கியில் மாட்டும் ரப்பர் புஷ் முழுசாக இருக்கிறதா என்று நீங்களே ஏணியில் ஏறிப் பாருங்கள். ஸ்விட்ச் பெட்டி அளவுக்கு இருக்கும் பழைய ரெகுலேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மாட்டுங்கள். ஃபேனை மெதுவாக வைத்தாலும் அந்தப் பழைய பெட்டி மிச்சக் கரண்ட்டைச் சூடாகவே வீணாக்கும்.

ஃப்ரிட்ஜ். இதில்தான் பாசத்தையும் கணக்கையும் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது இரவு பகலாக ஓடுகிறது. கதவில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். சும்மா வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் போய்விட்டது. கதவைச் சுற்றிலும் இப்படிப் பார்த்து, தேவையானால் ரப்பரை மாற்றுங்கள். பின்பக்கக் கறுப்புக் கம்பி வலையில் படிந்த தூசியைத் துடைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். நாள்கணக்கில் மூடிக் கிடந்த வாடைக்கு ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் துடைத்து, கதவைத் திறந்து காயவிட்டால் போதும். ஃப்ரீஸரில் ஐஸ் கட்டினால் கத்தியால் குத்தாதீர்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ ஃப்ரிட்ஜ்கள் அந்த ஒரு குத்தில் கேஸ் போய் முடிந்திருக்கின்றன. கரண்ட் போய் உடனே வரும் ஏரியா என்றால், தாமதித்து ஆன் ஆகும் ஸ்டெபிலைசர் வைத்துவிடுங்கள்.

அப்புறம் அது எவ்வளவு இழுக்கிறது என்று அளந்துவிடுங்கள். ஊருக்குப் போகிற நாளில் மற்ற எல்லாவற்றையும் அணைத்து, ஃப்ரிட்ஜை மட்டும் ஓடவிட்டு, கிளம்பும்போதும் திரும்பி வந்ததும் இபி மீட்டரைக் குறித்துக்கொண்டால் ஒரு நாள் கணக்கு தெரிந்துவிடும். இன்றைக்கு 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஸ்டார் ஸ்டிக்கரில் ஆண்டுக்குச் சுமார் 150 முதல் 200 யூனிட் என்று போட்டிருக்கும், அதாவது நாளைக்கு அரை யூனிட். நம்முடையது நாளைக்கு ஒரு யூனிட் என்றால் வைத்துக்கொள்ளலாம். இரண்டைத் தாண்டினால், இரண்டு மாதத்தில் 90 யூனிட் கூடுதலாகக் கட்டுகிறோம். அப்படியானால் இதைத் தற்காலிக ஏற்பாடாக வைத்துக்கொண்டு புதுசுக்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள். 2003க்கு முந்தைய ஃப்ரிட்ஜ் என்றால் உள்ளே ஓசோனைக் கெடுக்கும் ஆர் 12 வாயு இருக்க வாய்ப்பு உண்டு. அதில் கேஸ் இறங்கிவிட்டால் மறுபடி நிரப்பச் செலவு செய்யாதீர்கள்.

வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ். செமி ஆட்டோமேட்டிக்கில் ஒன்றே ஒன்றைக் கறாராகப் பாருங்கள்: ஸ்பின் ஓடும்போது மூடியைத் திறந்தால் சில நொடிகளில் டப் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிரேக்கைச் சரிபண்ணாமல் ஓட்டக் கூடாது, அதுவும் குழந்தை இருக்கும் வீட்டில். மற்றபடி டிரெயின் பைப்பும் பெல்ட்டும் மாற்றினால் ஓடும். அயர்ன் பாக்ஸுக்குப் புது வயர், 16 ஆம்பியர் சாக்கெட், அவ்வளவுதான்.

ஆறாம் படி: மெக்கானிக்கைப் பிடிப்பது

தெருமுனை மிக்ஸி கடைக்காரர் போன் நம்பர் இருந்தால் பாதிக் கவலை குறையும். கொடுக்கும்போதே "என்ன செலவாகும்னு பார்த்துச் சொல்லுங்கண்ணே, கேட்டுட்டு மாத்துங்க" என்று சொல்லிவிடுங்கள். கழற்றிய பழைய பார்ட்டைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். காயில் கட்ட வேண்டும் என்றால் காப்பரா அலுமினியமா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்கள் டைமர், ரிலே, போர்டு மாதிரி எலக்ட்ரானிக் சாமான்களுக்கு ரிச்சி தெருவுக்குப் போகலாம்.

எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் எல்லை: புதுசின் விலையில் பாதியைத் தொட்டால் நிறுத்திவிடுவேன். கிரைண்டருக்கு மட்டும் இந்த எல்லை இல்லை, ஏனென்றால் அதே தரத்தில் கல் கிடைப்பது கஷ்டம். ஃப்ரிட்ஜுக்கு எல்லையைக் கால்வாசிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: வேண்டாம் என்பதைச் சொல்வது, கழிப்பது

அப்பா அம்மாவிடம் "இது பழசு" என்று சொல்லாதீர்கள். அவர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய பொருள் அது. "நாளாச்சுன்னா இது ஷாக் அடிக்கும்மா, எலக்ட்ரீஷியன் போடக் கூடாதுன்னுட்டார்" என்று காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஃபேன், ஃப்ரிட்ஜ் விஷயத்தில் யூனிட் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பைசா பைசாவாக எண்ணிக் குடித்தனம் நடத்தியவர்களுக்கு அந்தத் தாள் நம் பேச்சைவிட நன்றாகப் புரியும். அதேபோல, கொடுத்ததில் நன்றாக ஓடுவதைப் பற்றி அடிக்கடி போனில் சொல்லுங்கள். இட்லி பூ மாதிரி வந்தது என்று கேட்டால் அம்மா அடுத்த வாரம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

ஓடும் பொருளை எடைக்குப் போடாதீர்கள். புதிதாகக் குடித்தனம் தொடங்கும் யாருக்காவது கேஸ்கட்டும் வயரும் மாற்றி, இருக்கும் பில்லையும் சேர்த்துக் கொடுங்கள். ஓடாத ஃப்ரிட்ஜைக் காயலான் கடைக்குப் போட்டால் காப்பருக்காகக் குழாயை வெட்டி வாயுவை வெளியே விட்டுவிடுவார்கள். மின்கழிவைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் தயாரிப்பாளர்கள்மேல் வைத்திருக்கின்றன. எனவே கம்பெனியின் சேகரிப்பு மையத்தையோ அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்தையோ கேளுங்கள். ஹீட்டர் ராடு, ஷாக் அடிக்கும் அயர்ன் பாக்ஸ் மாதிரி ஆபத்தானவற்றைக் கழிக்கும்போது வயரை அடியோடு வெட்டிவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் குப்பையிலிருந்து யாராவது எடுத்துப்போய் மறுபடி சொருகுவார்கள்.